12.8

இரண்டாம் நாள் ராத்திரி எட்டு மணிக்கு எல்லாம் அணைந்தது. கூடாரத்து விளக்கு, தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டார், அக்கா பையனின் லேப்டாப் சார்ஜர், எல்லாம் ஒரே நொடியில். மங்கி, மினுக்கி, நமக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்து அணையவில்லை. கத்தரித்தாற்போல நின்றது.

"மாமா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா, ஃப்யூஸா இருக்கும்."

ஃப்யூஸ் நன்றாகத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுத்தது நானே கட்டிய ஒரு பேட்டரிப் பெட்டி. பத்து நிமிடத்துக்கு முன்புதான் அதன் முகப்பில் பதித்த வோல்ட்மீட்டரைப் பார்த்தேன். 12.8 காட்டியது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி 12.8 காட்டினால் வயிறு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். பத்து வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரிந்த பாடம் அது.

நாங்கள் இருந்தது ஜவ்வாது மலையில், காவலூரைத் தாண்டி ஜமுனாமரத்தூர் போகும் பக்கம், தெரிந்த ஒரு மலையாளிக் குடும்பத்தின் சாமைக் கொல்லையில். (மலையாளி என்றால் கேரளத்துக்காரர் என்று நினைக்க வேண்டாம். இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர்.) வனத்துறையின் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கூடாரம் போடக் கூடாது, போட்டால் வழக்குதான். அதனால் பட்டா நிலம். அறுவடை முடிந்து காலியாகக் கிடந்தது, அவர்களே வரச் சொன்னார்கள்.

விளக்கு அணைந்ததால் வானம் இன்னும் அழகாகத் தெரிந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் விளக்கே சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய சின்னப் பட்டைதான். கண் இருட்டுக்குப் பழகியது கெடக் கூடாது என்று அவன் ஏற்பாடு செய்தது. அது அணைந்ததால் வானத்துக்கு ஒன்றும் கூடவில்லை. கீழே செருப்பைத் தேடித் தடவும்போது தேள் இருக்குமோ என்ற பயம்தான் கூடியது.

அக்கா பையன் கல்லூரியில் முதல் வருஷம். நட்சத்திரப் பைத்தியம். காவலூரைத் தேர்ந்தெடுத்ததும் அவன்தான். அங்கே இருக்கும் வானாய்வகம் 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை ஆரம்பித்தது. 1986-இல் 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி வந்து, அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்கள் அகப்பட்ட இடங்களில் காவலூரும் ஒன்று. பன்னிரண்டரை டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் தென் வானமும் நிறையத் தெரியும். மாசி மாதம் முன்னிரவிலேயே அகத்திய நட்சத்திரம் தெற்கே நன்றாக எழும்பி நிற்கும், பின்னிரவில் திரிசங்கு (தென் சிலுவை) வரும். இதையெல்லாம் சொல்லித்தான் என்னைக் கிளப்பினான். "கரண்டுக்கு இன்னா பண்றது மாமா?" என்று கேட்டபோது, "அத நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் நான்.

அந்த ராத்திரி அதன் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.

*

வேலூரில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் பேட்டரி அறிவு கொஞ்சம் உண்டு. கொடுத்தது மின்வெட்டு. 2012-இல் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்டு இல்லாத நாட்களைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்போது கடன் வாங்கியாவது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். மாடிப்படிக்குக் கீழே ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் 150 ஆம்பியர் டியூபுலர் ஈய-ஆசிட் பேட்டரி, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி, பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் கேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் என் வேலை.

அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் பாய். ஆட்டோ, டிராக்டர், லாரி என்று எல்லா வண்டியின் பேட்டரியும் அவர் கடை வாசலில் வரிசையாக நின்று சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் குனிந்து காதைக் கொடுப்பார். ஆசிட் கொதிக்கிற மாதிரி ஒரு மெல்லிய சலசலப்பு கேட்டால் நிறைந்துவிட்டது. அப்புறம்தான் ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர். கிராவிட்டி 1250 வந்தால் முழுசு, 1180 என்றால் பாதி. மூடியைத் திறந்தால் பிளேட்டின் நிறமே விஷயத்தைச் சொல்லும். வோல்ட்டில் பார்த்தால் ஓய்ந்திருக்கும்போது 12.6, 12.7 முழுசு, 12.2 பாதி, 11.8 என்றால் செத்தது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் பேட்டரியை நன்றாகத் தெரிந்தவன் என்ற தைரியம் இங்கிருந்து வந்ததுதான். மலையில் கவிழ்த்ததும் அதேதான்.

பெட்டிக்கு நான் எடுத்தது ஈயம் இல்லை, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல். காரணம் எடைதான். 150 ஆம்பியர் டியூபுலரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆசிட் சிந்தாமல் காரில் வைக்கவும் முடியாது. அதன் கணக்குப்படி 1800 வாட் அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கினது, மொத்தச் சரக்கு) இருந்தாலும், பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். கையில் கிடைப்பது 900. லித்தியத்தில் ஒரு செல் 3.2 வோல்ட், 105 ஆம்பியர் அவர், சுமார் இரண்டு கிலோ. நான்கை வரிசையாகக் கோத்தால் 12.8 வோல்ட், 1344 வாட் அவர், எட்டு கிலோ. அதில் எண்பது தொண்ணூறு சதவீதம் தயங்காமல் எடுக்கலாம். செல் நான்கும், அவற்றைக் காவல் காக்கும் பி.எம்.எஸ் என்கிற சர்க்யூட்டும் சேர்த்து இருபதாயிரத்தைத் தொட்டது. வீட்டில் சொன்ன தொகை வேறு.

லித்தியம் என்றதும் செல்போன் வெடித்த செய்தி எல்லோருக்கும் ஞாபகம் வரும். இது வேறு ஜாதி. பாஸ்பேட் செல்லைக் கெடுத்தால் உப்பும், புகையும், ஆனால் மற்ற லித்தியம் வகைகள்போலச் சட்டென்று பற்றிக்கொள்ளாது. அதற்காக விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஸ்பேனர் ஒட்டிக்கொண்டு பழுக்கும். பாயின் வலது மோதிர விரலில் சுற்றிலும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. வாலிப வயதில் மோதிரத்தோடு லாரி பேட்டரியில் கை வைத்ததன் நினைவு. நான் முதல் நட்டைத் தொடுவதற்கு முன் கடிகாரம், மோதிரம் கழற்றி அலமாரியில் வைத்தேன். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றினேன்.

பெட்டியைக் கட்டுவது பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. தகரத்துக்குள் பேட்டரி வைப்பது வம்பு என்று விட்டுவிட்டு, தச்சரிடம் 12 மில்லி பிளைவுட்டில் அடித்து வாங்கினேன். கைப்பிடிக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை செய்யும் நண்பன் ஒருவன் தடித்த எருமைத் தோல் வார் இரண்டு கொடுத்தான், நம் ஊரில் இதற்குப் பஞ்சம் உண்டா. செருப்புத் தைப்பவர் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். பெட்டியிலேயே எல்லோரும் பாராட்டுவது அந்தக் கைப்பிடியைத்தான்.

உள்ளே நான்கு செல்லும் ஒன்றோடொன்று உரசாமல் நடுவில் எபாக்சி தகடு. செல்லின் அலுமினிய உடம்பை வெறும் உறை என்று நினைத்துவிடக் கூடாது, நீல உறை கிழிந்து இரண்டு உடம்பு தொட்டால் கசிவு. நான்கையும் சேர்த்து இறுக்கமாகக் கட்டினேன், சார்ஜ் ஏறும்போது செல் மூச்சு விடுகிற மாதிரி லேசாகப் புடைக்கும். நூறு ஆம்பியர் பி.எம்.எஸ். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 80 ஆம்பியர் ஃப்யூஸ். வீட்டு எம்.சி.பி-யை (டிரிப் ஆகிற சுவிட்ச்) இங்கே போடக் கூடாது, ஏசியை அறுக்கிற சாதனம் டிசியின் பொறியை அறுக்காது. ஒயர் 16 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), நுனிக்கு உலோக லக் போட்டு அமுக்கி, மேலே ஸ்லீவ். அப்புறம் 600 வாட் இன்வெர்ட்டர் ஒன்று, யு.எஸ்.பி துளைகள், ஒரு வோல்ட்மீட்டர்.

இந்த வோல்ட்மீட்டர் நூற்றைம்பது ரூபாய். அழகாகச் சிவப்பு எண்ணில் எரியும்.

*

கிளம்புவதற்கு முதல் நாள்தான் பெட்டி முடிந்தது. பாயிடம் ஐந்து ஆம்பியர் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். அவர் கடையிலேயே ஒரு மூலையில் வைத்தோம். பாய் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார், கைப்பிடியைத் தடவினார், மூடியைத் திறந்தார்.

"இன்னா தம்பி, தண்ணி ஊத்தற மூடியே காணோம்?"

"இதுக்குத் தண்ணி வேணாம் பாய்."

குனிந்து காதைக் கொடுத்தார். நிமிர்ந்தார். "சத்தமே இல்ல. உள்ள இன்னா நடக்குதுன்னு எப்டித் தெர்ஞ்சிகிறது?"

நான் வோல்ட்மீட்டரைக் காட்டினேன். ஐந்து மணி நேரத்தில் அது 13.4 வந்திருந்தது. ஈய பேட்டரிக் கண்ணுக்கு 13.4 என்பது நிரம்பி வழிகிற அளவு. கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பாய் கேட்டது சரியான கேள்வி. அதற்கு நான் சொன்னதுதான் தப்பான பதில்.

இந்த செல்லின் குணத்தைச் சொல்ல வேண்டும். ஈய பேட்டரியில் சார்ஜ் குறையக் குறைய வோல்ட்டும் படிப்படியாக இறங்கும், மாடிப்படி இறங்குகிற மாதிரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் அது மொட்டை மாடி. தொண்ணூறு சதவீதத்தில் 13.3 சொச்சம், எழுபதில் 13.2, நாற்பதில் 13.1. முக்கால்வாசிச் சக்தி அரை வோல்ட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். மாடி முடிந்ததும் கைப்பிடிச்சுவர் கிடையாது, நேரே கீழே விழும். 12.8 என்பது அந்த விளிம்பு. ஈயத்தில் வயிறு நிறைந்திருப்பதைக் காட்டும் அதே எண், இங்கே இருபது சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டதைச் சொல்கிறது. நூற்றைம்பது ரூபாய் மீட்டர் பொய் சொல்லவில்லை. நான்தான் அதை வேறு பாஷையில் படித்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். செல் கடையிலிருந்து வரும்போது ஏறக்குறைய முப்பது சதவீதம்தான் இருக்கும், பாதுகாப்புக்காக அப்படித்தான் அனுப்புவார்கள். 105-இல் முப்பது சதவீதம் 31 ஆம்பியர் அவர். பாய் கடையில் ஐந்து ஆம்பியரில் ஐந்து மணி நேரம், அது 25. ஆகமொத்தம் 56, வாட் அவரில் 720 சுமார். முழுசு என்று நினைத்துப் பாதியோடு மலை ஏறியிருக்கிறேன். செலவு: லேப்டாப் 60 வாட், ஐந்து மணி நேரம், 300. விளக்கு 50. மூன்று போன், 45. தொலைநோக்கி மோட்டார் கொஞ்சம். இதெல்லாம் சேர்ந்தும் 410-ஐத் தாண்டாது. மீதி எங்கே போனது?

இன்வெர்ட்டர். அதை நான் அணைக்கவே இல்லை. ஒரு சாமானும் மாட்டாமல் சும்மா ஓடும்போதும் அது பத்து வாட் குடிக்கிறது. இருபத்து நாலு மணி நேரம், 240 வாட் அவர். பெட்டியில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கை யாருக்கும் உபயோகமில்லாமல் ஒரு சின்னப் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு தின்று தீர்த்திருக்கிறது. லேப்டாப்புக்குக்கூட இன்வெர்ட்டர் தேவையில்லை. பன்னிரண்டு வோல்ட் டிசியை 220 ஏசி ஆக்கி, அதைச் சார்ஜர் மறுபடி 19 வோல்ட் டிசி ஆக்குவது மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. காரில் போடுகிற டிசி சார்ஜரே போதும்.

இன்னொன்றும் தெரிந்தது. பெட்டியைத் திறந்து செல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் பார்த்தேன். மூன்று செல் 3.0, ஒன்று மட்டும் 2.6. பி.எம்.எஸ் மொத்தத்தைப் பார்த்து முடிவெடுக்காது. நான்கில் எது முதலில் தரையைத் தொடுகிறதோ, அந்த நொடியே எல்லாவற்றையும் அறுத்துவிடும். அதுதான் அதன் வேலை. அந்த நாலாவது செல்லின் தலையில் இருக்கும் கியூஆர் குறி மற்ற மூன்றின் வரிசையில் இல்லை. விற்றவரிடம் கேட்டேன். "நார்மல்தான் சார்" என்று ஒரு வரி வந்தது. அப்புறம் பதிலே இல்லை.

*

மலையில் மறுநாள் காலை நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் செய்யாமல் இருப்பதற்காக. காரை ஓடவிட்டு, அதன் பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் இழுத்துப் பெட்டியில் கொடுத்தேன். கையில் இருந்தது வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற 2.5 ஸ்கொயர். ஒரு நிமிடம்தான். ஒயர் விரலைச் சுட்டது. பிளாஸ்டிக் வாடை வந்தது. பிடுங்கிப் போட்டேன்.

ஈய பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும், அதன் உள்தடை அதிகம், நிறைய நிறைய வாயைச் சுருக்கிக்கொள்ளும். லித்தியத்துக்கு அந்த அடக்கம் இல்லை. கொடுப்பதை எல்லாம் குடிக்கும். காரில் கரண்டு உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தன்னால் முடிந்ததையெல்லாம் கொட்டிக்கொண்டே இருக்கும், சூடாகிக் கருகும்வரை. நடுவில் ஒரு வாசற்காவலன் வேண்டும். அதுதான் டிசி-டிசி சார்ஜர். இருபது ஆம்பியர் வகை ஒன்றை அப்புறம் வாங்கினேன். எஞ்சின் ஓடினால்தான் இழுக்கும், இருபதுக்கு மேல் இழுக்காது, லித்தியத்துக்கு ஏற்ற வோல்ட்டில் நிறுத்தும். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூர் போய்ச் சேர இரண்டரை மணி நேரம். அதற்குள் 50 ஆம்பியர் அவர் ஏறிவிடுகிறது. ஆம்பூரில் பிரியாணிக்கு நிற்கும் நேரம் கணக்கில் வராது, அப்போது வண்டி ஓடாது.

சிகரெட் லைட்டர் துளையில் மாட்டலாமே என்று அக்கா பையன் கேட்டான். அதன் ஃப்யூஸ் பத்துப் பதினைந்து ஆம்பியர்தான், இருபது இழுத்தால் போய்விடும். தனி ஒயர்தான் வழி.

*

ஊர் திரும்பியதும் முதலில் செய்திருக்க வேண்டிய வேலையைக் கடைசியில் செய்தேன். நான்கு செல்லையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. இரண்டு நாள் வேலை என்பதால் அவசரத்தில் விட்டிருந்தேன்.

முதலில் நான்கும் வரிசையில் இருக்கும்போதே பி.எம்.எஸ் வழியாகச் சார்ஜ் ஏற்றினேன், பத்து ஆம்பியரில். ஒரு செல் உச்சியைத் தொட்டதும் பி.எம்.எஸ் நிறுத்தியது. பிறகு கோத்த தகடுகளை எல்லாம் கழற்றி, நேர்முனை நான்கையும் ஒன்றாக, எதிர்முனை நான்கையும் ஒன்றாகச் சேர்த்தேன். இப்போது அது 3.2 வோல்ட், 420 ஆம்பியர் அவர் கொண்ட ஒரே ஒரு பெரிய செல். இந்த வரிசை முக்கியம். காலியான செல்லையும் நிறைந்த செல்லையும் எடுத்த எடுப்பில் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால், நிறைந்தது காலியானதற்குள் பாயும், அந்தப் பாய்ச்சலைக் கட்டுப்படுத்த நடுவில் யாரும் இல்லை.

பவர் சப்ளையில் எதையும் மாட்டுவதற்கு முன்பே 3.6 வோல்ட் வைத்தேன். மாட்டிய பிறகு குமிழைத் திருப்பவே கூடாது. பொறுமை இழந்து கொஞ்சம் கூட்டிவிட்டுத் தூங்கப்போனவர்கள் காலையில் உப்பிய செல்லைப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். ஆம்பியர் 10 காட்டியது. பதினொன்றுக்கும் 10. செல் 3.38-ஐ விட்டு அசையவில்லை. தூக்கம் வராமல் இரண்டு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன், 3.41. ஒவ்வொரு நட்டையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாவது நட்டு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் தகட்டுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம். அலுமினியம் காற்றுப் பட்டாலே இப்படி ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்து, துணியால் துடைத்து, திரும்ப முடுக்கினேன். அதிகம் முடுக்கினால் உள்ளிருக்கும் அலுமினிய மரை பிய்ந்துவிடும், அதனால் மணிக்கட்டு பலம் மட்டும். பத்து நிமிடம் கழித்துத் தொட்டேன். மற்றவை மாதிரியே சில்லென்று இருந்தது.

காலை ஐந்தரைக்கு ஆம்பியர் இறங்க ஆரம்பித்தது. 10, 8, 5. மேலே போகப் போகச் செல் தானாக வாயை மூடிக்கொண்டு வருகிறது. 3.6 வோல்ட்டில் 2 ஆம்பியருக்குக் கீழே வந்தபோது அம்மா காபியோடு வந்து, "ராத்திரி பூரா தூங்காம புள்ள பெத்த வூடு மாதிரி பண்றியே" என்றார்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுதாக இறக்கி அளந்ததில் மூன்று செல் 104 சொச்சம். அந்த நாலாவது 98. ஆக என் பெட்டி 98 ஆம்பியர் பெட்டி. அது காலியானதும் மற்ற மூன்றும் அதோடு நிற்க வேண்டியதுதான்.

வோல்ட்மீட்டர் இருந்த இடத்தில் இப்போது ஷன்ட் வைத்த மீட்டர் இருக்கிறது. எதிர்முனையிலிருந்து வரும் மொத்தக் கரண்டும் ஒரு சின்னப் பித்தளைக் கட்டை வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அது ஆம்பியர் அவரில் எண்ணிக்கொண்டே இருக்கும், சுங்கச்சாவடி மாதிரி. முழுசாக நிறைந்ததும் ஒருமுறை 98 என்று சொல்லிவிட்டால் போதும். பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வழக்கம்போல முதலில் காதைக் கொடுத்தார், அப்புறம் மீட்டரைப் பார்த்தார். "வோல்ட்டப் பாக்காத, கணக்கு நோட்டப் பாருன்றே" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்க எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் சார்ஜ் செய்யப் பத்து ஆம்பியர் லித்தியம் சார்ஜர், 14.4 வோல்ட்டில் நிற்கிற வகை. காலியிலிருந்து நிறைய ஒரு ராத்திரி. வீட்டு இன்வெர்ட்டரிலேயே மாட்டி ஏற்றிவிடலாமே என்று பாய் கேட்டார். ஈய பேட்டரிக்காகச் செய்த சார்ஜர்களில் பல, அவ்வப்போது 15 வோல்ட்டைத் தாண்டி ஆசிட்டைக் கலக்கிவிடும். ஈயத்துக்கு அது நல்லது. லித்தியத்தில் பி.எம்.எஸ் கதவைச் சாத்தும், சார்ஜர் குழம்பும். வேண்டாம் என்றேன்.

*

சோலார் பற்றி எழுதாவிட்டால் வேலூர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எங்களிடம் வேறு எது இல்லாவிட்டாலும் வெயில் இருக்கிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் இந்தச் செல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் குளிரைக் கண்டு பயப்படுகிறார்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும், உண்மை. அதற்காக அடியில் சூடேற்றும் தகடு எல்லாம் வைக்கிறார்கள். நான் ஒரு நிமிடம் அதையும் வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலூரில்! நமக்கு ஆபத்து எதிர்ப்பக்கம். 45 டிகிரியைத் தாண்டிய சூட்டில் ஏற்றினால் ஆயுள் குறையும். கத்திரி வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் அதற்கு மேலேயே போகும். எனவே பெட்டி டிக்கியில் இல்லை, பின் சீட்டில், ஜன்னலுக்குத் துணி போட்டு. வீட்டில் மாடி அறையில் இருந்ததைக் கீழே அம்மாவின் கட்டிலடிக்கு மாற்றினேன். பயன்படுத்தாத மாதங்களில் பாதி சார்ஜில் வைத்தால் போதும், நிறைத்து வைப்பதுதான் கெடுதல்.

பேனல் 100 வாட். மே மாதம் மொட்டை மாடியில் பட்டப்பகலில் எனக்குக் கிடைத்தது 75. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த 100 என்பது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது. எங்கள் மாடியில் அதைக் கையால் தொட முடியாது, 65 இருக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல இறங்கும், அதிலேயே பதினாறு போனது, மீதி ஒயரிலும் தூசியிலும். அதிக வெயில் அதிக கரண்டு என்கிற கணக்கு இங்கே உதைக்கிறது. நல்ல நாளில் 400 வாட் அவர் தேறும், பெட்டி காலியிலிருந்து நிறைய மூன்று நாளுக்கு மேல். மாட்டும்போது, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நிற்கிற கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அப்புறம்தான் பேனல். பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துத்தான், தான் இருப்பது பன்னிரண்டு வோல்ட் வீடா வேறு வோல்ட் வீடா என்று அது தெரிந்துகொள்ளும்.

நிழல் இன்னொரு கதை. பேனலில் 36 செல் வரிசையாகக் கோத்திருக்கிறது. ஒரு நாள் மதியம் 75 இருந்தது திடீரென்று 30-க்கு வந்தது. மேலே ஓடிப் பார்த்தால் கொடியில் காயும் சேலையின் முந்தானை, ஒரு மூலையில் மட்டும் நிழல் விழுந்துகொண்டிருந்தது. "சேலைய எட்த்துட்டா கரண்டு வர்மா?" என்று அம்மா கேட்டார்கள். எடுத்ததும் வந்தது.

அடுத்த மாசி அமாவாசைக்கு மறுபடி போனோம். இன்வெர்ட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். சாமைக் கொல்லைக்காரர் வீட்டுப் பெரியம்மா, "இந்த வாட்டி எரியுமா?" என்று கேட்டார். முதல் ராத்திரி முடிந்து மீட்டர் 71 காட்டியது, இரண்டாவது முடிந்து 44. அக்கா பையன் விடியற்காலை மூன்று மணிக்கு என்னை எழுப்பித் தெற்கே திரிசங்குவைக் காட்டினான். நான் அதைப் பார்த்துவிட்டு மீட்டரையும் பார்த்தேன். "மாமா!" என்றான்.

இப்போது சித்திரை. அம்மா கூழ் வடாம் போட ஆரம்பித்துவிட்டார்கள். மாடியில் நல்ல வெயில் விழும் இடம் ஒன்றுதான், அதில் பழைய வேட்டி விரித்தாகிவிட்டது. பேனல் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. வடாம் முடிகிறவரை பத்து ஆம்பியர் சார்ஜர்தான்.